டிங்சர் கறை

ஆய்வகத்தில் சோதனைக் குழாயும் கையுமாக நின்றபோது அவளுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"வெள்ளைச் சட்டையில டிங்சர் கொட்டிடுச்சும்மா. என்ன தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. நீதான் கெமிஸ்ட்ரிக்காரியாச்சே!"

"டிங்சர்ல இருக்கிறது அயோடின்ப்பா. வைட்டமின் சி மாத்திரையைப் பொடிச்சுத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க, பழுப்பு ஓடியே போயிடும். நேத்துதான் லேப்ல செஞ்சோம்."

"அடேங்கப்பா! அது எப்படிம்மா?"

அவள் விளக்கினாள். அப்பா விடாமல் 'ம்' கொட்டினார். பிறகு இருவருக்கும் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"சரிம்மா, வெச்சிடுறேன்."

பக்கத்தில் நின்ற தோழி சிரித்தாள். "போன வாரம் துரு, அதுக்கு முன்னாடி இங்க். உங்கப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு எங்கதான்டி புரள்றாரு? நெட்ல தேடினா வராதா?"

"அவரு தேடவே வேண்டாம். சலவைக்கடை வெச்சிருக்காரு. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியிலேர்ந்து கறை எடுக்கிறதுதான் அவரு பொழப்பு."

தோழி விழித்தாள். "அப்புறம் எதுக்குடி அவருக்குப் போய்ப் பாடம் நடத்துற?"

"அம்மா இருந்தவரைக்கும் எங்களுக்கும் சேர்த்து அவங்களே பேசிடுவாங்க. இப்ப எங்க ரெண்டு பேருக்கும் பேசத் தெரிஞ்சது கறை மட்டுந்தான்."