கைச்சூடு

மலேரியா ஆராய்ச்சிக்காக டாக்டர் ஞானசெல்வி மேகமலைத் தோட்டத்துக்கு வந்த அன்று காலையில் மூடுபனி விலகவே இல்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டுக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு இந்த வேலையைச் செய்தவர் டாக்டர் வைகுண்டராஜ். குளிர்ந்த கை பட்டால் குழந்தை வயிற்றை இறுக்கிக்கொள்ளும் என்று, கணப்பில் கைகளைச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். போன மழைக்காலத்தில் அதே காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அன்று விறகு நனைந்திருந்ததால் கணப்பு பற்றவில்லை. ஞானசெல்வி கைகளைத் தேய்த்துக்கொண்டே, வரிசையில் முதலில் தாயோடு நின்ற சிறுமியை, சுப்புத்தாயின் மகளை, கூப்பிட்டாள்.

"கை ஜில்லுன்னு இருக்கும். பொறுத்துக்கம்மா."

"நீங்களும் பாக்கணுமா? இப்பத்தான டாக்டரய்யா தொட்டுப் பாத்தாக" என்றாள் சிறுமி.

"அவுகதான் போயிட்டாகளே, ஆத்தா" என்றாள் சுப்புத்தாய் மகளிடம் மெதுவாக.

ஞானசெல்வி சிறுமியின் வயிற்றில் கை வைத்தாள். உடம்பெல்லாம் குளிர்ந்திருந்தது. இடது விலாவுக்குக் கீழே மட்டும், ஒரு பெரிய உள்ளங்கை அளவுக்குக் கதகதப்பாக இருந்தது. வயிறு இறுகவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் அடுத்து நின்ற பொடியன், எதிரே யாரும் இல்லாதபோதே சட்டையைத் தூக்கிக்கொண்டு, கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.