நான்காவது ஆலோசகர்

கணவன் மனைவி பிரச்சினைக்கு ஆலோசனை சொல்பவர்களில் மூன்று பேரை என் கணவர் வேண்டாமென்று தள்ளிவிட்டார். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: "உங்க மனைவிகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்."

நான்காவது இடத்தில் கணவரே முந்திக்கொண்டார். "மேடம், எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாது. தனியா பேசறதெல்லாம் வேணாம்."

"தேவையே இல்ல சார். சேர்ந்தே பேசலாம்" என்று ஆலோசகர் சிரித்தார்.

"பாத்தியா? இவங்கதான் விஷயம் தெரிஞ்சவங்க" என்று கணவர் என் தோளைத் தட்டினார்.

இனி யாரிடம் சொல்வேன்? கன்றிப்போயிருந்த மணிக்கட்டின் மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"முதல்ல ரெண்டு பேருக்கும் பிரஷர் பாத்துடுவோம், இங்க அது வழக்கம். பக்கத்து ரூம்தான். சார், நீங்க போய்ட்டு வாங்க."

போனவர் மலர்ந்த முகத்தோடு திரும்பினார். "நார்மலாம்! எனக்குக் கோபமே வராதுன்னு மெஷினே சொல்லுது. நீயும் போ. சீக்கிரம் வா."

உள்ளே இளம் நர்ஸ் ஒருத்தி கதவைச் சாத்தினாள். கையை நீட்டினேன். அவள் அதில் பட்டையைச் சுற்றாமல், மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மெஷின் கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சுக்கா. நமக்கு மூணு நிமிஷம் இருக்கு. சொல்லுங்க, வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா இருக்கா?"