மூன்றாவது ஆபீஸ்

தம்பி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். செருப்பைக் கழற்றியவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

“இதோட மூணாவது ஆபீஸ்டா,” என்றாள் அக்கா. “உட்கார்ந்து வீட்டு டிசைன் வரையறது அப்படி என்ன மலையைப் புரட்டுற வேலை? அந்த மேடம் திட்டினாங்களா?”

“இல்லக்கா. நல்லவங்க.”

“அப்புறம் என்ன கேடு உனக்கு? கால்ல விழாத குறையா கெஞ்சி வாங்கிக் குடுத்தேன். இனிமே உனக்காக எவ வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்.”

அவன் தன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. மேடம்தான். அக்கா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, உன் இடத்துக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். ஆனா நீ கொண்டுவந்து போட்ட அந்த டிசைன் சாஃப்ட்வேரையும் எடுத்துட்டுப் போயிட்டியே! அது இல்லாம இங்க ஒருத்தரும் ஒரு கோடுகூடப் போட மாட்டேங்கறாங்க. விக்கிற கம்பெனியோட நம்பரைக் குடு, வாங்கிடறேன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முந்தைய இரண்டு ஆபீஸ்களிலும் இதே சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்திருந்தான்; அவன் விலகிய பிறகு யாரும் அதைத் தேடவில்லை.

“இதே நம்பர்தான் மேடம்,” என்றான். “அதைச் செஞ்சதே நான்தான்.”