இடம் மாறும் சுருள்

“நேத்து பீச்சாங்கை பக்கம் கத்திச்சு. இன்னிக்கு சோத்தாங்கை பக்கம் கத்துது. இன்னாடா இது?”

செக்யூரிட்டி யாக்கோபு, மெட்டல் டிடெக்டரை இசக்கியப்பன் வயிற்றுக்கு நேரே மறுபடி நீட்டினார். அது வீறிட்டது. பகல் ஷிப்ட் முடிந்து ஒரகடம் கம்பெனியிலிருந்து வெளியேறக் காத்திருந்த வரிசை முணுமுணுத்தது.

இசக்கியப்பன் வழக்கம்போல ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக் காட்டினான். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. ‘இரைப்பையில் வெடித்த ரத்தக்குழாயை அடைக்கப் பசையும் உலோகச் சுருளும் வைக்கப்பட்டுள்ளன. வயிற்றை அழுத்திச் சோதிக்க வேண்டாம்.’

“லெட்டரு எனக்கு மனப்பாடம்டா. ஏழு மாசமா ஒரே எடத்துல கத்திக்கினு கெடந்துச்சு. இந்த ஒரு மாசமா ஊர் சுத்துதே?”

“அது நகரும்ணே. டாக்டரு அப்பவே சொல்லிருக்காவ. மறுபடி ரத்தம் வரலாம், காய்ச்சல் வரலாம், சுருள் எடம் மாறலாம், பசை நுரையீரலுக்குக்கூடப் போவலாம்னு.”

அவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம். யாக்கோபின் முகம் வெளுத்தது.

“நுரையீரலுக்கா? அத்த சிரிச்சிக்கினு சொல்ற? ஏறு என் பைக்ல, ஆஸ்பத்திரிக்குப் போலாம். என் டூட்டியும் முடிஞ்சிடுச்சு.”

“ஐயோ, வேண்டாம்ணே! நாளைக்குப் போய்க்கிடுதேன். லாக்கர்ல போன் கெடக்கு. வீட்ல ஒம்பதாம் மாசம். எப்ப வேணாலும் கூப்பிடுவா.”

“லாக்கர்ல கீற போன் எங்கியும் ஓடாது. உள்ள எடுத்துக்கினு போனாதான் வேலை போவும். புள்ளைக்கு அப்பன் வேணுமா, வாணாமா? ஏறு. குலுங்காம ஒக்காரு!”

ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்தன.

“இப்ப எங்க கீது?”

“இருந்த எடத்துலதாம்ணே.”

இசக்கியப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. யாக்கோபு கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரவீனா முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நகருதா? அது உள்ளேயே இல்லீங்களே! ரத்தக்குழாய் நல்லா அடைஞ்சு, புண்ணும் ஆறிடுச்சு. பசையும் சுருளும் தானா கழண்டு வெளியே போயிடுச்சு. சில பேருக்கு அப்படி ஆகும். அப்ப ரத்தம் வந்திருந்தாதான் ஆபத்து, இவருக்கு வரலை. போன மாசம் எண்டோஸ்கோபி பண்ணப்பவே இவர்கிட்ட சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா?”

“ஸ்தோத்திரம்!” யாக்கோபு கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு மெல்லத் திறந்தார். பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

“அப்போ ஒரு மாசமா கத்திக்கினு கீறது இன்னாடா?”

இசக்கியப்பன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். அவன் வாயைத் திறப்பதற்குள், பெல்ட்டுக்குச் சற்று மேலே, சட்டைக்குள்ளிருந்து போன் மணி அடித்தது.

யாக்கோபு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நிற்கவில்லை.

“எட்றா. ஒம்பதாம் மாசம்னியே.”