சுவரோரத்து மண்

"செவுத்தாண்ட கொட்டின மண்ணை எடுத்துடுப்பா."

பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக அப்பாவிடம் எதையும் கேட்கவே கூடாது என்று அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள். கவியா கேட்டேவிட்டாள்.

அப்பா சக்கரவர்த்தி சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "நம்ம கெணத்து மண்ணு, நம்ம எடத்துல கெடக்குது. அவனுங்களுக்கு இன்னா?"

"எடம் நம்மளதுதான். ஆனா குமிச்சது அவங்க செவுத்தை ஒட்டி. மழைத்தண்ணி பூரா மண்ணுல ஊறி செவுத்துல எறங்குது. உள்ரூம்ல இடுப்பு ஒசரத்துக்கு ஈரம் ஏறியிருக்கு. பூச்சு உப்பிக்கினு உதிருது."

"சர்வேயரை இட்டாந்து நம்மளைத் தள்ளி எல்லைக்கல்லு நட்டானுங்க இல்ல? ஊறட்டும். இந்த வம்சத்துலயே மொத ஆளா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது அவனுங்களுக்கு வக்காலத்து வாங்கவா?"

"செவுரு வுழுந்தா வம்சம் வந்து தாங்காதுப்பா."

"உனக்கு இன்னாடி அக்கறை? நம்ம வூட்டுச் செவுரா ஊறுது?"

"இல்ல. எங்க வூட்டுச் செவுரு."

"அப்பன்கிட்ட பேசறப்ப எங்க வூடு இன்னா எங்க வூடு? நம்ம வூடுன்னு சொல்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அந்த வூட்டு வெற்றிசெல்வனும் நானும் போன வாரம் சங்கராபுரத்துல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினோம்ப்பா. எங்களுக்கு அந்த உள்ரூமைத்தான் ஒதுக்கியிருக்காங்க."

கவியா துணிப்பையைத் தோளில் மாட்டினாள். கதவோரம் சாத்தியிருந்த அப்பாவின் மண்வெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.