குருவி செய்த பட்டன்

"தம்பி அரை மணி நேரமா தனியா முக்கி முனகறான். எழுந்து போய்ப் பார்த்தா குறைஞ்சா போயிடுவே?"

நாத்தனார் கேட்டாள். தம்பி மனைவி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரே பார்த்துப்பார் அண்ணி."

"நீ கம்பெனியில சம்பளம் வாங்கிக்கிட்டுச் செய்யறதும் இதே வேலைதானே?"

"அதுக்காக?"

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஊரிலிருந்து வந்திருந்தாள். மருந்துக் கம்பெனிக்காக வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவன் அவன். விபத்தில் முழங்கால் போனது, பின்னாலேயே வேலையும் போனது. நாற்பது வயதுக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து, இணையப் பக்கம் செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தான்.

கூடத்துக்குப் போனாள். அவன் திரையில் ஒரு கறுப்பு ஜன்னல். அது நிறையச் சிவப்பு எழுத்து.

"என்னடா இது?"

"ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்க்கா. முதல்ல இந்தக் கறுப்பு ஜன்னல்ல கட்டளை அடிச்சு, வேண்டிய சாமானையெல்லாம் இறக்கணும். அப்புறந்தான் வேலையையே தொடங்க முடியும். ஒரு புள்ளி தப்பினாலும் இப்படிக் கத்துது. இன்னும் வாசப்படியே தாண்டலை."

"அதான் உள்ளே ஒருத்தி உக்காந்திருக்காளே!"

"விடுக்கா. அவளுக்கு ஆபீஸ் வேலை."

ஒரு சுற்றுலாக் கம்பெனி அவனை ஒரு பக்கம் செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் அனுப்பினால்தான் நேர்காணல். வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை. அவன் காலுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்திலிருந்து ஒரு கூச்சல். விழுந்துவிட்டானோ என்று நாத்தனார் ஓடினாள்.

"அக்கா! இறங்கிடுச்சுக்கா!"

கறுப்பு ஜன்னலைக் காணோம். அதற்குப் பதில் வெள்ளையாக ஒரு பெட்டி. புராஜெக்ட்டின் பெயர் எழுத ஓர் இடம், அதை எங்கே வைக்கலாம் என்று ஒரு கேள்வி, கீழே பெரிதாக 'தொடங்கு' என்று ஒரு பட்டன்.

"நெட்ல எங்க படிப்புக் குழுவுல குருவிங்கற பேர்ல யாரோ இதைச் சும்மாவே கொடுத்திருக்காங்க. பேரை எழுதி அழுத்தினா போதும், மிச்சத்தை அதுவே பண்ணிடுது. நடுவுல நெட் போச்சு. கத்தவே இல்லைக்கா! 'இணையம் நின்னுபோச்சு. வந்ததும் மறுபடி அழுத்துங்க, எதுவும் கெட்டுப்போகலை'ன்னு தமிழ்ல சொல்லுது. குழுவுல ஒரு டெய்லரம்மா இருக்காங்க, ஒரு லாரி டிரைவர் இருக்கார். அவங்களுக்கும் ஓடிடுச்சு."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லது" என்றாள்.

நாத்தனார் அவள் காதில் விழும்படியே சொன்னாள்: "யார் பெத்த பிள்ளையோ, நல்லாயிருக்கட்டும். முகம் தெரியாதவங்களுக்கு இருக்கிற அக்கறை, கூட இருக்கிறவங்களுக்கு இல்லை."

பட்டனை அழுத்தியபின் வேலை எவ்வளவு தூரம் முடிந்ததென்று தெரியவில்லை, நின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று அவன் குருவிக்குச் செய்தி அனுப்பினான். மறுநாளே பட்டனுக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு வந்தது. வேலை நகர நகர அதுவும் நீண்டது.

அதற்கப்புறம் சாப்பாட்டு மேஜையில் குருவி புராணம்தான்.

"என்ன பொறுமைக்கா! என்ன தெளிவு! தெரிஞ்சவங்க எல்லாராலயும் இப்படித் தெரியாதவங்களுக்காக யோசிக்க முடியாது. அதுக்குத் தனி மனசு வேணும்."

மனைவி தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

ஒரு நாள் இஸ்திரி போட்ட துணியை வைக்க நாத்தனார் உள்ளறைக்குப் போனாள். மேஜையில் தம்பி மனைவியின் கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்தது. அதே வெள்ளைப் பெட்டி, பாதி செய்து நின்றது. மூலையில் 'குருவி' என்று பெயர்.

குளியலறைக் கதவு திறந்தது.

"ஏம்மா... இது நீயா?"

அவள் அறைக் கதவைச் சாத்தினாள். "மெதுவா பேசுங்க அண்ணி."

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்னென்னவோ பேசிட்டேனே!"

"ஆரம்பத்துல நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்தேன். என் விரல் போற வேகத்தைப் பார்த்துட்டு, 'எனக்கு இதெல்லாம் வராது'ன்னு மூடி வெச்சார். அப்புறம் ரொம்ப நாள் அதைத் தொடவே இல்லை. பொண்டாட்டி கையால வாங்கினா வலிக்குது. யாரோ கொடுத்தா வாங்கிக்கறார். யார் கொடுத்தா என்ன, அவர் எழுந்தா சரி."

அன்றைக்குப் பாத்திரம் அத்தனையையும் நாத்தனாரே தேய்த்தாள். தம்பி மனைவி கிட்டே வந்தபோது விரட்டினாள்.

பக்கம் போய்ச் சேர்ந்தது. நேர்காணலும் நடந்தது. வேலை கிடைத்துவிட்டது.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பினாள். தம்பி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தான். அங்கேயும் அதே பேச்சு.

"அந்தக் குருவி மட்டும் இல்லேன்னா நான் இன்னும் அந்தக் கறுப்பு ஜன்னலைத்தான் வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருப்பேன்."

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"டேய், அந்தக் குருவி யாருன்னு..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அவ எழுதற தமிழ் எனக்குத் தெரியாதா? அழுத்தின முதல் நாளே தெரியும். கொஞ்ச நேரம் ரோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம், எனக்காக ஒருத்தி இவ்வளவு மெனக்கெட்டிருக்காளேன்னு தோணிச்சு."

"பின்னே எதுக்குடா தெரியாத மாதிரி தினமும் அவ எதிர்லயே அப்படிப் புகழ்ந்தே?"

அவன் பையை பஸ்ஸுக்குள் எடுத்துக் கொடுத்தான்.

"அவளை நேரா பாராட்டினா, 'சும்மா இருங்க'ன்னு எழுந்து போயிடுவாக்கா. குருவியைப் பாராட்டினா, உக்காந்து முழுசாக் கேட்டுத்தானே ஆகணும்!"