சும்மா மரியாதைக்கு

கடை வாசலைத் தாண்டும்போது அலாரம் கத்தியது.

மூன்று பெண்களும் அப்படியே நின்றார்கள். முன்னால் கணக்கு டீச்சர், கையில் பலூன் பாக்கெட்டுகள். நடுவில் அறிவியல் டீச்சர், சிவப்புத் தொப்பிக் கட்டை மாரோடு அணைத்துக்கொண்டு. கடைசியில், இரண்டு கையிலும் பழச்சாறு பாட்டில்கள், தோளில் துணிப்பை என்று பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா.

அக்கா என்றால் எல்லோருக்கும் அக்கா. பிழைக்க வந்த இந்த நாட்டில், அந்தப் பள்ளியில் வேலை பார்க்கும் தமிழ் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ் டிரைவர் கூப்பிடுவார். கேன்டீன்காரர் கூப்பிடுவார். அவளைவிட மூத்தவரான கணக்கு டீச்சரும் கூசாமல் கூப்பிடுவார்.

அறிவியல் டீச்சர் மட்டும் "இந்தாங்க" என்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து "இந்தாங்க"தான்.

படித்த திமிர் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

நாளைக்குப் பள்ளியில் கிறிஸ்துமஸ் விருந்து. பிள்ளைகளுக்குத் தின்பண்டம் பொறுக்கி எடுக்க இரண்டு டீச்சர்கள், சுமக்க ஒரு அக்கா.

காவலாளி ஒவ்வொருவராகத் திரும்ப நடக்கச் சொன்னான். கணக்கு டீச்சர் நடந்தார், அலாரம் வாயைத் திறக்கவில்லை. அறிவியல் டீச்சர் நடந்தாள், சத்தமில்லை. அக்கா காலை எடுத்து வைத்ததும் ஊரைக் கூட்டியது.

துணிப்பைக்குள் கையை விட்டு அவன் எடுத்தது ஒரு சாக்லேட் டப்பா. பொன்னிற நாடா கட்டியது. அந்த வரிசையிலேயே விலை கூடியது.

"என்னக்கா, கை இவ்வளவு நீளமா உங்களுக்கு?" கணக்கு டீச்சர் பல்லைக் கடித்தார். "உங்க மானம் போனா போகட்டும். எங்க மானத்தையும் சேர்த்துல்ல வாங்குறீங்க!"

டப்பா எப்படிப் பைக்குள் போனது என்று அங்கே இரண்டு பேருக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியைக்குக் கொடுக்கலாம் என்று அதை ஆசை ஆசையாய் எடுத்தவள் அறிவியல் டீச்சர். தள்ளுவண்டியில் போட்டால் பாட்டிலுக்கு அடியில் நசுங்கும் என்று, அக்காவின் தோளில் தொங்கிய பைக்குள் அவளே வைத்தாள். பணம் கட்டும்போது பையின் நினைப்பு யாருக்கும் வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி. நான்தான் வைத்தேன், மறந்துவிட்டேன் என்று வாயைத் திறந்தால் முடிந்தது.

அக்கா பாட்டில்களைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கெஞ்சவில்லை.

"டீச்சர் சொல்லட்டும்."

அறிவியல் டீச்சர் தொப்பிக் கட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. விடுமுறை முடிந்துதான் தலைமை ஆசிரியை கையெழுத்துப் போடப்போகிறார். கடையில் கைவைத்தவள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும். பக்கத்தில் நிற்பதோ கணக்கு டீச்சர். அவர் காதில் போட்டால் ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள், கணக்குச் சரியாகிவிட்டதுபோல.

"நல்லா இரு" என்றாள்.

"பாத்தீங்களா பாத்தீங்களா! டீச்சரைப் போய் 'இரு'ங்கறா! மாட்டிக்கிட்டதும் மரியாதை பறந்துடுச்சு பாருங்க" என்றார் கணக்கு டீச்சர்.

காவலாளிக்கு இவர்கள் பேசியது எதுவும் விளங்கவில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டான்: இவள் பெயர்தான் அக்காவா?

அந்த நேரத்திலும் கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பெயர் இல்லை, உடன்பிறந்த மூத்தவளைக் கூப்பிடுகிற சொல் என்று அவன் மொழியில் விளக்கினார்.

அவன் முகம் மாறியது. உங்களில் யாருக்கு மூத்தவள்?

"யாருக்கும் இல்ல. நான்தான் இவளுக்கே மூத்தவ. சும்மா மரியாதைக்குக் கூப்பிடறது."

அவன் அறிவியல் டீச்சர் பக்கம் திரும்பினான். நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்களா?

"இல்ல" என்றாள் அவள். "நான் கூப்பிடறதில்ல."

அக்கா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. காவலாளி கையைக் காட்டுவதற்குள் அவளாகவே நடந்து, பின்னால் இருந்த அறைக்குள் போனாள். அவன் கதவைச் சாத்திவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டான்.

"அவ்வளவுதான். விசாவைப் பிடுங்கி வர்ற பிளேன்ல ஏத்திடுவாங்க" என்றார் கணக்கு டீச்சர். "நீங்க செஞ்சதுதான் சரி டீச்சர். நாங்கதான் அக்கா அக்கான்னு தலையில தூக்கி வெச்சு ஆடிட்டோம். ஐயோ, நாளைக்கு விருந்து முடிஞ்சா யாரு கூட்டுறது?"

பதிலுக்குக் காத்திராமல் டாக்சி பிடிக்கத் தெருவில் இறங்கினார்.

அறிவியல் டீச்சரின் கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

"எங்கடி இருக்கீங்க ரெண்டு பேரும்? உங்க அக்கா போனையே எடுக்க மாட்டேங்கறா. பக்கத்துல இருந்தா குடு."

அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"உள்ள இருக்காம்மா."

"வேலையா இருக்காளா? சரி, தொந்தரவு பண்ணாத. வெளிய வந்ததும் பேசச் சொல்லு."